முப்பத்தோராயிரம் அடியில் தம்பிதுரை

துடியலூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. எந்த விமானம் எங்கே வருகிறது என்று செல்போனில் காட்டும் ஆப் நடத்துகிறோம். காலேஜ் கடைசி வருட புராஜெக்ட் என்ற பெயரில் நான் அங்கே ஏசிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

வேலை எளிது. விமானம் உயரத்தைக் குறைக்க ஆரம்பித்தால் ‘டிசென்ட்’. ஓடுபாதையை நெருங்கினால் ‘அப்ரோச்’. சக்கரம் தரையைத் தொட்டால் ‘லேண்டிங்’. கதவு திறந்தால் ‘அரைவ்டு’. நான்கு பட்டன், வரிசை மாறக் கூடாது. எல்லாம் ஒன்றுதானே என்று முதல் நாள் கேட்டேன்.

“பொண்ணு பாக்கறதும் தாலி கட்டறதும் ஒண்ணா கண்ணு?” என்றார் பக்கத்து சீட் சண்முகப்பிரியா அக்கா.

அப்படிப்பட்ட அக்காதான் அன்று மதியம் வரிசையை மாற்றினார். ஷார்ஜா விமானத்தில் அவர் கணவர் தம்பிதுரை இரண்டு வருடம் கழித்து வந்துகொண்டிருந்தார்.

“டிசென்ட்னா கீழ போறதுதான? ஊட்டுக்கு வர்ற மனுசனுக்கு அதையவா போடுவாங்க?”

அரிசி தீர்ந்தால் ‘நெறஞ்சிருச்சு’ என்று சொல்லும் குடும்பம். விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிர வைப்பார்கள். அக்கா நேராக ‘அரைவ்டு’ அழுத்திப்போட்டார். திரையில் விமானம் முப்பத்தோராயிரம் அடியில் கேரளக் கரையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது நிமிடம் அக்காவின் மாமியார் பாப்பாயி போன் செய்தார். “கண்ணு, தம்பிதுரை வந்துட்டான்! அரிசிம்பருப்புச் சோறு போட்டிருக்கறேன்.”

அக்கா ஸ்பீக்கரில் போட்டார். “அவருகிட்டக் குடுங்கத்தை.”

“வந்துட்டேன் அம்மணி.” பின்னால் ஏதோ இரைந்துகொண்டே இருந்தது. விமானத்துக்குள் கேட்கும் இரைச்சல்.

“எப்படீங்க அதுக்குள்ள?”

“வந்துட்டேன் அம்மணி.”

“பெட்டி எங்கீங்க?”

“வந்துட்டேன் அம்மணி.” அதே குரல், அதே இழுப்பு, ஒரு மூச்சுகூட மாறவில்லை.

பாப்பாயி போனை வாங்கினார். “சட்டையெல்லாம் சில்லுனு ஈரம் கண்ணு. அங்க மழையா?”

வெளியே சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது.

திரையைப் பார்த்தேன். விமானம் ஊருக்கு மேலே வந்து வட்டமடித்தது. பட்டனுக்குக் காத்திருப்பதுபோல ஓர் அடிகூட இறங்கவில்லை. அரை மணி நேரம் அப்படியே.

“அக்கா, டிசென்ட் போடுங்க. எரிபொருள் தீந்துரும்.”

“போட்டா ஊட்டுல இருக்கறவரு?”

“போடலைன்னா மேல இருக்கறவரு?”

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ‘டிசென்ட்’ அழுத்தினார். முப்பதாயிரத்துத் தொள்ளாயிரம். முப்பதாயிரத்து நானூறு. உடனே போன்.

“இப்பத்தான் உக்காந்து தின்னுட்டிருந்தான் கண்ணு. திரும்பறதுக்குள்ள ஆளைக் காணோம். தட்டுல ஒரு பருக்கை இல்ல.”

அக்கா போனை வைத்துவிட்டு அடுத்தடுத்து அழுத்தினார். ‘அப்ரோச்’. ‘லேண்டிங்’. விமானம் தரையில் நின்றதும் தம்பிதுரை நம்பரிலிருந்தே அழைப்பு வந்தது.

“அம்மணி, எறங்கிப்போட்டோம். கதவத் தொறக்க மாட்டேங்கறானுங்க! பின்சீட்டு மதுக்கரைக்காரரு ஒரே சண்டை. நல்லா ஓடுது, இரு, கேளு.”

அக்கா ‘அரைவ்டு’ பட்டன் வரை விரலைக் கொண்டுபோய் நிறுத்தினார். “ஏனுங்க, பசிக்குதுங்களா?”

“அதான் வெளங்கல. காத்தாலிருந்து பல்லுல பச்சைத்தண்ணி படல. ஆனா வவுறு திம்முனு இருக்குது. வாயில அம்மா சமையல் வாசம் வேற.”

அக்கா என்னைப் பார்த்தார். இதற்கு எந்தப் பட்டன் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

“இருக்கட்டும் கண்ணு,” என்றார் கடைசியில். “அடுத்தவன் சண்டைய இப்படி ரசிக்கறது அந்த மனுசன் ஒருத்தருதான்.”

அழுத்தினார். போனில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா அதற்குள் வண்டிச் சாவியோடு பாதிப் படி இறங்கியிருந்தார்.