எழுவாய் இல்லாத கால்கள்

மார்ச் மாதம் முதல் தேதி, திங்கட்கிழமை காலை, ஊரில் எழுபது வயது நிரம்பிய மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் அனைவரும் தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்தனர். இதற்குக் காரணம் முதுமையுமன்று, நோயுமன்று; ஒரு வாக்கியத்தைப் பிழையற எழுதத் தெரியாத உரிம அலுவலகமே காரணம். அன்று நடைமுறைக்கு வந்த புதிய விதி, எழுபதைத் தொட்டவர்களின் பழைய உரிமங்களை நிறுத்திவைத்து, அவர்கள் மீண்டும் ஒருமுறை எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும் என்றது. அதில் நான்காம் பிரிவு, "எழுபது வயது நிரம்பியவரின் கால் தேர்வு முடியும்வரை தரையில் படக் கூடாது" என்றிருந்தது. 'தேர்வு தொடங்கியதிலிருந்து' என்ற இரண்டு சொற்களைச் சேர்க்க யாருக்கோ சோம்பல். விதி அச்சாயிற்று, கால்கள் கீழ்ப்படிந்தன.

அவர்களுள் ஒருவர் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடி அணியாத அவருக்கு அப்பெயர் வந்தது, சன்னல் கண்ணாடிகளை வெட்டிப் பொருத்தும் தொழிலால். ஆளுயரக் கண்ணாடிகளைப் பின்னிருக்கையில் செங்குத்தாகக் கட்டிக்கொண்டு, குண்டும் குழியுமான தெருக்களில் நாற்பதாண்டு ஓட்டியவர்; ஒன்றிலும் கீறல் விழுந்ததில்லை. ஓய்வுக்குப்பின் அந்த இருக்கையில் மனைவி அமர்ந்தார். சிறுநீரகம் ஓய்ந்துபோன அந்த அம்மாளுக்கு, ஆற்றின் அக்கரையிலிருந்த மருத்துவமனையில் ஒன்றுவிட்ட ஒருநாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பாலம் பழுதுபட்டிருந்ததால் இருசக்கர வண்டிகளை மட்டுமே அதில் விட்டார்கள். கார் ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே, கணவரின் உரிமத்தை நிறுத்தியது மனைவியின் உயிருக்கு உலை வைத்ததாயிற்று.

அந்த அம்மாள் முதலில் சிரிக்கத்தான் செய்தார். "ஏங்க, கல்யாணத்தன்னைக்கே உங்க கால் தரையிலதான் இருந்துச்சு. இப்ப என்ன சந்தோஷம், கால் பாவ மாட்டேங்குது?"

"விளையாடாதே. செருப்பு எங்கே?"

"அது எதுக்கு? ஊறுகாயா போடப் போறீங்க?"

உரிம அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தில், எழுபதைக் கடந்தவர்கள் நாற்காலிகளுக்கு மேலே வரிசையாக மிதந்துகொண்டிருந்தார்கள். உயரமானவர்களின் தலையில் தட்டியதால் மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள், புழுக்கத்துக்குக் குறைவில்லை. முறை வந்ததும் கண்ணாடிக்காரர் நான்காம் பிரிவைச் சுட்டிக்காட்டினார். எழுத்தர் நல்லவர், உடனே ஒப்புக்கொண்டார்.

"தப்புதான் சார். ஆனா அச்சாயிடுச்சே."

"அச்சானா தப்பு சரியாயிடுமா?"

"திருத்தம் கேக்கணும்னா நீங்க இந்தக் கவுன்டர் முன்னாடி வந்து நிக்கணும் சார்."

"வந்துதானே இருக்கேன்?"

"வந்திருக்கீங்க. நிக்கலையே. தொங்கிக்கிட்டில்ல இருக்கீங்க?"

தேர்வுத் திடலிலும் இதே கூத்துதான். கண்ணாடிக்காரர் இறகு இறங்குவதுபோல் வண்டியில் அமர்ந்தார். ஆய்வாளர் ஐந்தாம் பிரிவைக் காட்டினார்: "தேர்வைத் தொடங்குமுன் இரு கால்களும் தரையில் நன்றாக ஊன்றியிருத்தல் வேண்டும்." தேர்வு முடிந்தாலன்றிக் கால் தரைக்கு வராது, கால் தரைக்கு வந்தாலன்றித் தேர்வு தொடங்காது. கோடை முழுவதும் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். இருசக்கர வண்டி ஓட்டத் தெரியாத மருமகனின் கார் ஊரைச் சுற்றியது. பிந்திப் போனதற்காகச் சிகிச்சையைப் பாதி நேரத்தில் முடித்து அனுப்பினார்கள். அந்த அம்மாளின் பாதங்கள் வீங்கி, வீட்டிலிருந்த எந்தச் செருப்பும் கொள்ளாமற்போயிற்று. அவர் கேலி பேசுவது குறைந்தது. அதுதான் கண்ணாடிக்காரரை உறங்கவிடாமல் செய்தது.

கோடையின் கடைசிவாக்கில், மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், அந்த அம்மாள் காரைத் திடலுக்கு விடச் சொன்னார். வெறுங்காலோடு இறங்கி வந்து, எவரையும் கேளாமல், கணவர் அமர்ந்திருந்த வண்டியின் பின்னிருக்கையில் ஏறி, வீங்கிய கால்களிரண்டையும் மண்ணில் ஊன்றினார்.

"ஏம்மா, இறங்குங்க. தேர்வு அவருக்குத்தான்."

"ரெண்டு காலும் ஊனணும்னுதானே போட்டிருக்கு? யார் காலுன்னு போட்டிருக்கா?"

ஆய்வாளர் ஐந்தாம் பிரிவை உள்ளங்கையில் வைத்து இரண்டுமுறை படித்தார். எழுவாய் இல்லை. பின்னிருக்கையில் ஆள் கூடாது என்ற தடையும் இல்லை. "போடலைம்மா" என்றார்.

"அப்ப இது ஒண்ணு, இது ரெண்டு. எண்ணிக்குங்க தம்பி."

கண்ணாடிக்காரர் எட்டுப் போட்டார். பின்னிருக்கையில் ஆளுயரக் கண்ணாடி இருப்பதாகவே எண்ணி ஓட்டினார். வளைவுகளில் அந்த அம்மாளின் தலைமுடிகூட அசையவில்லை. வண்டி நின்றதும் எல்லோரும் கண்ணாடிக்காரரின் கால்களையே பார்த்தார்கள். அவை இறங்கவில்லை. கேட்டு எழுதியபோது, தேர்வின் முடிவு வெளியாகும்வரை தேர்வு முடிந்ததாகாது என்று அலுவலகம் பதிலளித்தது. 'முடிவு' என்ற பெயர்ச்சொல்லை முன்னே நிறுத்தி 'முடியும்' என்ற வினைச்சொல்லை ஏமாற்றும் இந்த அற்பத்தனத்துக்குப் பள்ளியில் என்றால் பிரம்படி கிடைத்திருக்கும். ஆயினும், அதுவரை வண்டி ஓட்டிக்கொள்ளத் தற்காலிக அனுமதி தந்தார்கள். செய்தி பரவவே, எழுபதைக் கடந்தோர் எல்லோரும் எழுபதைத் தொடாத கால்களை வலைவீசித் தேடினார்கள். தங்கைமாரும் அண்டை வீட்டாரும் திடலுக்கு வந்து மண்ணில் ஊன்றிக் கொடுத்தார்கள்.

முடிவு இன்றுவரை வெளியாகவில்லை. மூன்று தேர்தல்கள் நடந்தாயிற்று. கண்ணாடிக்காரர் வீட்டு வாசலில் கால்மிதி, அந்த அம்மாள் மிதிக்கும் பக்கம் மட்டும் தேய்கிறது. கண்ணாடிக்காரரோடு பேசும்போது எல்லோரும் ஒரு சாண் அண்ணாந்து பேசப் பழகிவிட்டார்கள்; அது இப்போது யாருக்கும் செய்தியன்று. ஒன்றுவிட்ட ஒருநாள் வண்டி பாலத்தைக் கடக்கிறது. வழியில் சிவப்பு விளக்கு விழுந்தால் அவருக்குக் கால் எட்டாது. பின்னாலிருந்து அந்த அம்மாள் ஊன்றிக்கொள்கிறார். போகும்போது தொல்லை இல்லை. சிகிச்சை முடிந்து திரும்பும்போது, ஊன்றிய கால்களை எடுத்து வண்டியின் படியில் வைக்க அவருக்குச் சற்று நேரம் பிடிக்கிறது. பச்சை விழுந்த பின்னும் வண்டி நிற்கிறது. அப்போது பின்னால் நிற்பவர் நீங்களாக இருக்கலாம். ஒலிப்பானிலிருந்து கையை எடுங்கள். வலக்கால் முதலில் ஏறும். இடக்கால் ஏறும்வரை பொறுங்கள்.