செவ்வாய்க்கிழமை வேன்

குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் போய்க் கறிக்கடைக் கண்ணாடியில் மோதிய நாளிலிருந்து விக் என்கிற அந்தத் துறைமுக ஊரில் முர்டோ கில்லாண்டர்ஸோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை. அடி யாருக்கும் படவில்லை, கண்ணாடி போனதோடு சரி. ஆனால் சின்ன ஊர். மனைவி எல்ஸ்பெத் செத்துப்போன துக்கத்தில் குடித்தார் பாவம் என்றவர்கள்கூடப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீதிபதி அவரை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. ஊர்க் கவுன்சில் காட்டுகிற வேலையைச் சம்பளமில்லாமல் செய்து தண்டனையைக் கழிக்கச் சொல்லிவிட்டார்.

அந்தத் தண்டனை அவருக்குப் பிடித்துப்போனது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கவுன்சில் வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். மேற்பார்வையாளர் இன்னஸ் ஓட்டுவார். பின்சீட்டில் செங்கா, கடையில் திருடி மாட்டிக்கொண்டவள், வாய் ஓயாது. துறைமுகத்துப் பெஞ்சுகளைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள். முர்டோ பிரஷ் பிடிக்கிற லட்சணத்தை அவள் நாள் முழுக்கக் கிண்டலடிப்பாள். வாரத்தின் மற்ற நாட்களில் அவர் வாய் திறப்பது டிவியைத் திட்டுவதற்குத்தான்.

ஒரு திங்கட்கிழமை கவுன்சில் சமூகப்பணியாளர் கேட்ரியோனா முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தாள். இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட அவர் தவறவில்லையாம். மீதித் தண்டனையை ரத்து செய்யச் சொல்லி அடுத்த வாரம் கோர்ட்டில் கேட்கப் போகிறாளாம். முர்டோ நன்றி சொன்னார். வேறென்ன சொல்வது? தண்டனை வேண்டும் என்று கேட்கிறவனை எந்த ஊரில் மதிப்பார்கள்?

அன்று இரவு முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஒருநாள் தவறிவிட்டால் போதும், நல்ல பெயர் கெட்டுவிடும், வேன் தொடர்ந்து வரும்.

செவ்வாய்க்கிழமை ஹாரன் அடித்தது. முர்டோ பூட்ஸைக்கூட மாட்டிக்கொண்டு, திரை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இன்னஸ் இறங்கி வந்து கதவைத் தட்டினார். செங்காவும் பின்னாலேயே வந்து கதவின் தபால் துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினாள்.

"யோவ் பெருசு, உயிரோட இருக்கியா? நீ இல்லாம நான் யாரைய்யா திட்டறது?"

எழுந்து ஓடிக் கதவைத் திறக்கத்தான் உடம்பு துடித்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வேன் கிளம்பிப் போனது. மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

சாயங்காலம் இன்னஸ் போன் செய்தார்.

"உடம்புக்கு முடியலதானே? நீ காரணமில்லாம வராம இருக்கற ஆளா? காய்ச்சல்னு ஆபீஸ்ல நானே சொல்லிட்டேன். கோர்ட்டுக்குப் போற நேரத்துல உன் பேர் கெடக்கூடாதுன்னு செங்காதான் ஒரே பிடிவாதம். ஒண்ணும் பயப்படாத, படுத்துத் தூங்கு."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தனக்காக இரண்டு பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. சரி என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் கோர்ட் மீதித் தண்டனையை ரத்து செய்தது. கேட்ரியோனாதான் போனில் சொன்னாள். சொன்னபோது அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். முர்டோ தயங்கித் தயங்கி, சும்மா வேனில் ஏறி அவர்களோடு போய்வரலாமா என்று கேட்டார். தண்டனை இல்லாதவர்களை ஏற்றக் கூடாது என்பது விதி என்றாள். அப்படியானால் ஆபீஸுக்காவது வந்து அவளைப் பார்க்கலாமா என்றார்.

"உங்க கேஸ் முடிஞ்சுபோச்சு முர்டோ. இனிமே நீங்க எதுக்கு இங்க அலையணும்? ஏதாவது தப்புத்தண்டா ஆனாத்தான் எங்க பக்கமே வரணும்."

"எவ்வளவு பெரிய தப்பும்மா?" என்று கேட்டார் முர்டோ.

கேட்ரியோனா சிரித்தாள். வேடிக்கையான ஆள் நீங்கள் என்று சொல்லி, வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டாள். பதில் வரும் என்று முர்டோ இன்னும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.