சர்க்கார் தோடு

“ஏண்டி, செத்த மாட்டுக் காதுல கை வைக்க யாருடி சொன்னா ஒனக்கு?”

“நகையோட யாருங்க பொதைப்பாங்க? ஒங்காத்தா மூக்குத்தியக் கழட்டுன பொறகுதான பாடையவே தூக்கவிட்டீக?”

“எங்காத்தாவும் மாடும் ஒண்ணாடி?”

“ஒங்காத்தா பால் கறக்கல.”

சேவுகம்பட்டியில் மொக்கைச்சாமிக்கும் பொண்டாட்டி கண்ணம்மாளுக்கும் தொழுவத்தில் நடந்த சண்டை இது. யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் காய்ந்த சேலையையே மறுபடி மறுபடி உதறிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

இருவருக்கும் நடுவே வயிறு ஊதிச் செத்துக் கிடந்தது ஜெர்சி மாடு. தொண்ணூற்றேழில் பால் சொசைட்டி மூலமாகக் கண்ணம்மாள் பெயரில் பேங்க்கு மானியக் கடனில் வாங்கியது. வாங்கிய அன்றே கால்நடை டாக்டர் நம்பர் போட்ட பித்தளை வில்லையை அதன் காதில் மாட்டி இன்சூரன்ஸ் எழுதிக்கொண்டு போனார். மாமன் இல்லாமல் காது குத்துவதாவது என்று கண்ணம்மாள் நத்தத்திலிருந்து அண்ணன் முத்துச்சாமியை வரவழைத்து, பொங்கல் வைத்து, சீரும் செய்ய வைத்தாள். மாமன் மடியில் உட்கார வைக்கத்தான் தோதுப்படவில்லை. அன்றிலிருந்து அந்த வில்லைக்குச் சர்க்கார் தோடு என்று பெயர்.

காட்டில் மழையில்லை, சொசைட்டிக்கு ஊற்றிய பாலில்தான் அடுப்பெரிந்தது. இன்சூரன்ஸ் வந்தால் கடன் தீரும், அடுத்த மாடு வரும். அதற்காகத்தான் மொக்கைச்சாமி விடிந்ததும் வத்தலக்குண்டுக்கு டாக்டரைக் கூப்பிட ஓடினார். அவர் தலை மறைந்ததும் கண்ணம்மாளுக்கு முறை நினைவுக்கு வந்துவிட்டது. தாய் தோடு மகளுக்கு. காது குத்தும் சங்கிலி ஆசாரி வந்து, குறட்டால் வில்லையை நெம்பிக் கழற்றி, கன்றுக்குட்டியின் காதில் பூட்டிவிட்டுப் போனார்.

மொக்கைச்சாமி கூட்டிவந்த டாக்டரோடு சொசைட்டி செக்ரட்டரி அழகுராஜாவும் வந்தான். டாக்டர் செத்த மாட்டின் ஒரு காதைத் தூக்கிப் பார்த்தார். மறுகாதையும் தூக்கினார்.

“வில்லை எங்கம்மா?”

“மகளுக்குப் போட்டாச்சு டாக்டரய்யா,” என்று பெருமையாகக் கன்றைக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் மேற்படி சண்டை.

சண்டை ஓயும்வரை பொறுத்திருந்து டாக்டர் சொன்னார்: “எங்களுக்கு மாடுன்னா நம்பர்தாம்மா. நம்பர் அந்தா உசுரோட நிக்கிது. செத்தது எந்த மாடுன்னு நான் எழுத?”

கண்ணம்மாள் வேடிக்கைப் பேச்சென்று சிரிக்கப் பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

“நீயாச்சும் சொல்லப்பு அழகு. தெனம் இது பால அளந்தவன் நீதான?”

“பாலத்தான் அளந்தேன் மதினி. காதப் பாக்கல.”

“இப்பவே கழட்டி இதுலயே மாட்டிர்றோம்யா,” என்றார் மொக்கைச்சாமி.

“என் கண்ணு முன்னாடியா? வேற மாட்டுப் பொணத்தக் காட்டிக் காசு வாங்குறவங்க இருக்காங்க. நாளைக்கு விசாரிச்சா என் வேல போயிரும்.”

வேற மாட்டுப் பொணம். கண்ணம்மாளுக்குக் காது அடைத்துப்போனது. மாட்டின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் கையால் கழுநீர் வைத்து வளர்த்ததை யாரோ என்கிறார்கள், தன்னைத் திருடி என்கிறார்கள். சேலை உதறிய நாங்களும் உதறுவதை நிறுத்திவிட்டோம்.

“கன்னுக்குட்டிய வித்துத் தொலைக்கிறேன்,” என்று கயிற்றை அவிழ்த்தார் மொக்கைச்சாமி.

அழகுராஜா குறுக்கே வந்து நின்றான். “விக்கக் கூடாதுண்ணே. நம்பர் அதுமேல இருக்குல்ல. கடன் அடையிற வரைக்கும் அது பேங்க்கு மாடு.”

மொக்கைச்சாமி கயிற்றைத் திரும்பக் கட்டினார். தோடு மட்டுமா மகளுக்கு வந்தது? கடனும் சேர்ந்தே வந்திருக்கிறது. பால்குடி மறக்காத கடன்காரியை அன்றுதான் ஊர் முதன்முதலாகப் பார்த்தது.

சாயங்காலம் மாட்டைப் புதைத்தார்கள். ‘உயிருடன் உள்ளது’ என்று டாக்டர் எழுதிக்கொண்டு போனார்.

பொண்டாட்டி முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் மொக்கைச்சாமி பேகம்பூரில் ஒரு கடைக்கு மூட்டை தூக்கப் போனார், அங்கேயே தங்கிவிட்டார். அவர் வருவதாயில்லை, இவள் கூப்பிடுவதாயுமில்லை. கண்ணம்மாள் கன்றை ஓட்டிக்கொண்டு நத்தத்துக்கு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அது வளர்ந்து ஈன்று, கறந்த பாலில்தான் கடன் அடைந்தது. அதுவரை பேங்க்குக்காகத் தவணை கேட்டு நத்தத்துக்கு நடையாய் நடந்தவன் அழகுராஜா. கடனைக் கேட்கப் போனவன் கண்ணம்மாளின் தங்கை கௌசல்யாவைப் பெண் கேட்டுக்கொண்டு வந்தான். இரண்டாயிரத்தில் கல்யாணம்.