லூக்காஸுக்கு றீட்டா சொல்லிக்கொடுத்த விடைகள்

நமுனுகுல மலைத் தோட்டத்துச் சின்ன மாதா கோவிலில் இருபத்திரண்டு வருஷமாக மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவள் றீட்டா. அவளிடம் படித்துப் புதுநன்மைக்குப் போன பிள்ளைகளில், பாதர் கேட்ட கேள்விக்கு முழித்தவர் ஒருவரும் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டும், பாடுபட்டுச் சேர்த்த தலைக்கனம்தானே. அதனால், புருஷன் லூக்காஸின் ஞாபகசக்தியைச் சோதித்துப் பார்க்கப் பதுளை பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதம் தள்ளித் திகதி கொடுத்தபோது, அவள் மற்றப் பெண்களைப் போல உட்கார்ந்து அழவில்லை. கடைக்குப் போய் எழுத ஒரு கொப்பி வாங்கி வந்தாள்.

லூக்காஸுக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினோடு நின்றவர், எந்த நட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்படிப்பட்டவர் ஆறு மாதமாகக் கடைக்குப் பாண் ரொட்டி வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினார். ஒரு வியாழக்கிழமை ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பூட்டிய கோவிலின் வாசலில் பத்து மணிவரை உட்கார்ந்திருந்தார். உச்சி வெயிலிலும் குளிருது என்று சுவெட்டரைக் கழற்றவில்லை. பேச்சும் மெதுவாகி இழுபட்டது.

கீழ் லயத்து வரிசை வீட்டுக் கணபதிக்கும் இப்படித்தான் தொடங்கியது. இப்போது அவர் விடிந்ததும் தன் பெண்சாதியைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொம்பள?" என்று கேட்கிறார். அந்தப் பெண்சாதி கோப்பையை நீட்டிய கையோடு நின்றதை றீட்டா ஒருநாள் நேரில் பார்த்துவிட்டாள். தன்னைப் பார்த்தும் லூக்காஸ் ஒருநாள் அப்படிக் கேட்டுவிடுவாரோ என்பதுதான் அவள் பயம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கணபதியின் மருமகள் கலாராணிதான் அவரைச் சோதனைக்குக் கூட்டிப் போனவள். அங்கே கேட்ட கேள்விகளை அவள் ஒன்று விடாமல் ஒப்பித்தாள், றீட்டா கொப்பியில் எழுதிக்கொண்டாள். அன்று மாலையே குசினி அடுப்படியில் வகுப்புத் தொடங்கியது.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளிக்கிழமை" என்றார் லூக்காஸ்.

"இல்லங்க. செவ்வாய்க்கிழமை."

"வெள்ளிக்கிழமைதானே புள்ள?"

"கிளினிக்கு செவ்வாய்க்கிழமை. அன்னைக்குத்தான் கேப்பாங்க. செவ்வாய்ன்னு சொல்லுங்க. எந்த ஊர்ல இருக்கோம்?"

அடுப்பையும் தகரக் கூரையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "நமுனுகுல" என்றார்.

"பதுளை."

"சரி, பதுளை."

"ஞாபகம் வச்சுக்கச் சொன்ன மூணு சாமான்?"

"பூட்டு, எலுமிச்சங்காய், குடை."

"நூத்துல ஏழு ஏழாக் கழிங்க."

"தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது" என்று மந்திரம் போல இறங்கி வந்தார் லூக்காஸ். நடுவில் எங்காவது தடுக்கினால், "பரவால்லங்க, முதல்ல இருந்து வாங்க" என்பாள் றீட்டா, பாலில் சீனி போட்ட குரலில்.

அந்தக் குரல் அவளுடைய சொந்தக் குரல் இல்லை. றீட்டாவின் வாய் அந்தத் தோட்டம் முழுக்கப் பிரசித்தம். அவள் லூக்காஸை ஏசத் தொடங்கினால் மேல் லயத்தில் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு கைக்கு வந்த நாளிலிருந்து அவள் ஏசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். ஏசி ஏசியே இந்த மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று ஒரு சந்தேகம். இனி ஒரு கடுஞ்சொல் சொல்லமாட்டேன் என்று மாதாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் அப்படி இனிக்க இனிக்கப் பேசும்போதெல்லாம் லூக்காஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். விடை மறந்துபோய்விட்டது போல என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமையும் வந்தது. கூடவே வந்த மழை சும்மா வரவில்லை. பாதையில் மண் சரிந்து பஸ் போகவில்லை. டெலிபோனில் கேட்டபோது வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அன்று பஸ்ஸில் பதுளை போய்ச் சேரும்வரை றீட்டா அவர் காதுக்குள், "வியாழன், வியாழன்" என்று ஓதிக்கொண்டே போனாள்.

டாக்டர் ஹம்ஸியா சின்ன வயசுக்காரி. சிரித்த முகம். லூக்காஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பயம் தெளியட்டும் என்று சும்மா பேச்சுக் கொடுத்தாள்.

"காலையில சாப்பிட்டீங்களா ஐயா?"

"செவ்வாய்க்கிழமை" என்றார் லூக்காஸ்.

பின்னால் உட்கார்ந்திருந்த றீட்டாவுக்கு உயிர் போய் வந்தது.

"யாரோட வந்தீங்க?"

"பதுளை."

"மழையில நனைஞ்சிட்டீங்களோ?"

"பூட்டு, எலுமிச்சங்காய், குடை."

பயந்துபோன பிள்ளை பாதருக்கு முன்னால் இப்படித்தான் செய்யும். அவர் எதைக் கேட்டாலும், படித்த வரிசையிலேயே விடை வரும். அது தெரிந்த றீட்டா லூக்காஸின் பக்கமாகத் தலையை நீட்டி, 'வியாழன்' என்று வாயை மட்டும் அசைத்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நீங்க டீச்சரா?"

"கோவில்ல சொல்லிக் குடுக்கிறேன் டொக்டர்" என்றாள் றீட்டா. பிறகு, இனி மறைத்து என்ன பயன் என்று, பையிலிருந்த கொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இது பாஸாகிற சோதனை இல்லம்மா. ஐயா எங்க தடுக்குறாருன்னு தெரிஞ்சாத்தானே நான் கை குடுக்கலாம். அதை நீங்க மூடி மறைச்சிட்டா நான் என்ன செய்ய?"

றீட்டாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, வேறு கேள்வித்தாளை எடுத்தாள் டாக்டர். முக்கால் மணி நேரம் கதவு திறக்கவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த றீட்டாவுக்கு இருபத்திரண்டு வருஷத்துப் பிள்ளைகளும் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். அதுகளுக்கும் ஒன்றும் விளங்கியிருக்காதோ என்று முதன்முதலாக ஒரு கவலை. அந்தத் தலைக்கனம் அங்கேயே பாதி இறங்கிப் போயிற்று. பிறகு டாக்டர் லூக்காஸின் கழுத்தைத் தடவிப் பார்த்ததாகவும், இரத்தம் எடுத்ததாகவும், இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னதாகவும் தெரிந்தது.

அந்தப் பதினாலு நாளும் றீட்டா ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்கவில்லை. வகுப்பு மட்டும் நின்றுபோனது.

முடிவு வந்த அன்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "தைரொயிட். கழுத்துல இருக்கிற சுரப்பி வேலையைக் குறைச்சிருச்சு. அதனாலதான் குளிரு, மந்தம், மறதி எல்லாம். விடிஞ்சதும் வெறும் வயித்துல ஒரு குளிசை விழுங்கணும். எல்லாம் அப்படியே திரும்பி வரும்னு இப்பவே வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா நிறைய வரும். கொஞ்ச மாசம் போகட்டும்."

"கணபதி அண்ணனுக்கு வந்த மாதிரி இல்லையா?"

"அவரை எனக்குத் தெரியாதும்மா. ஆனா ஐயாவோட மறதிக்கு ஒரு காரணம் இருக்கு, அந்தக் காரணத்துக்கு மருந்தும் இருக்கு."

கேட்ட மாத்திரத்தில் றீட்டாவுக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. அவள் உடம்பெல்லாம் சந்தோஷம். லூக்காஸ் தலையாட்டினார். மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு, "நான் போய் எடுத்துக்கிட்டு வாறேன்" என்று வெளியே போனார்.

"இன்னொண்ணும் எழுதி வச்சிருக்கேன்" என்றாள் டாக்டர். "ஒரு மாசத்துல அவ்வளவு விடையையும் வரிசை தப்பாமப் படிச்சிருக்காரு. அது நல்ல விஷயம். நல்ல டீச்சர்தான் நீங்க."

இறங்கின தலைக்கனம் கொஞ்சம் மறுபடி ஏறியது.

"சோதனையில கடைசியா, மனசுல தோணுறதை ஒரு வரி எழுதச் சொல்லுவோம். அதுக்கு யாரும் விடை சொல்லிக் குடுக்க முடியாது. ஐயா எழுதினதை உங்களுக்குக் காட்டலாம்னு அவரே சொன்னாரு. நீங்க பார்க்கணும்" என்று டாக்டர் ஃபைலைத் திருப்பி வைத்தாள்.

ஒன்று விடாமல் ஒப்பித்த கலாராணியும் மறந்துவிட்ட கேள்வி அது. கோணல் மாணலான எழுத்தில் லூக்காஸ் எழுதியிருந்தார்: 'றீட்டா ஒரு மாதமாக என்னை ஏசவில்லை. நான் சாகப்போகிறேன் போல இருக்கிறது.'

றீட்டா அதை இரண்டு தரம் வாசித்தாள். பாவி மனுஷன், இந்தப் பயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டா இத்தனை நாளும் பூட்டு, எலுமிச்சங்காய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

மருந்து கொடுக்கும் இடத்தில் லூக்காஸ் இல்லை. தாழ்வாரம் முழுக்கத் தேடினாள். கடைசியில், கண் கிளினிக்குக்கு முன்னால் நின்ற வரிசையில், துண்டைக் கையில் பிடித்தபடி சாவகாசமாக நின்றுகொண்டிருந்தார்.

மாதாவிடம் மன்னிப்புக் கேட்க அவளுக்கு நேரமில்லை.

"ஏன்யா மனுசா, மருந்தெடுக்கப் போறேன்னு வந்துட்டு, கண்ணு காட்டுற லைன்ல நின்னுக்கிட்டு இருக்கீங்களே. தலைக்கு மேல இவ்வளவு பெரிசா போர்டு போட்டிருக்கான், வாசிக்கத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருஷமா உங்களோட மாரடிச்சு என் தொண்டை வத்திப் போச்சு. இந்தச் சுவெட்டரப் பாருங்க, உள்பக்கம் வெளிய."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். தாதி ஒருத்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். லூக்காஸ் திரும்பி அவளைப் பார்த்தார். மாதக்கணக்கில் சிரிக்காத முகம், மெல்ல மெல்ல, காது வரைக்கும் சிரித்தது.

"அப்ப நான் சாக மாட்டேனா றீட்டா?"

"நான் ஏசி முடிக்கிறதுக்கு முன்னாடி உங்கள யாரு போக விட்டா?" என்றாள் றீட்டா. கண்ணில் வந்த நீரை முந்தானையால் துடைத்துக்கொண்டே, அவர் கையைப் பிடித்து இழுத்தாள். மருந்து வரிசை வரைக்கும் அவள் ஏசி முடிக்கவில்லை. லூக்காஸ் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டு, அவளோடு ஒட்டி நடந்தார்.