சபாபதி தின்ற பப்பாளி விதை

1

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். செடிகொடிகளிலிருந்து ஆண்களுக்கான கருத்தடை மருந்து எடுக்க முடியுமா என்று எலிகளை வைத்துச் சோதிப்பதாக ஒரு செய்தி படித்தேன். இந்தக் கதை அதிலிருந்துதான் பிறந்தது. எலியின் மனைவி என்ன சொன்னாள் என்று செய்தியில் இல்லை. அதனால் எனக்கு ஒரு மனிதன் தேவைப்பட்டான்.

எழுதிப் பார்த்த முதல் வரி: 'பிரிக்பீல்ட்ஸ் மேல் கருமேகம் கவிந்திருந்த ஒரு...' வேண்டாம். மேகத்துக்கு இங்கே வேலையில்லை.

2

1933. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் சபாபதி இருந்தான். ரயில்வே பட்டறையில் பெட்டிகளுக்குச் சாயம் அடிப்பது வேலை. மனைவி இராஜம்மா. நான்கு பிள்ளைகள். நான்காவது பிரசவத்தில் இராஜம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். பிழைத்து எழுந்தபோது டாக்டர் சபாபதியைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு பிள்ளை என்றால் தாய் தங்கமாட்டாள் என்றார். அதைத் தடுக்க என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

(இங்கே அவன் அழுததாக ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சமையல்கட்டில் படுத்தான். மாதக்கணக்கில் அங்கேயே படுத்தான்.)

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு ரயிலேறினான். பிரிக்பீல்ட்ஸில் விசாரித்தால் மறுநாளே பட்டறை முழுக்கத் தெரிந்துவிடும். கிள்ளான் பாசாரில் நாட்டு மருந்து விற்றுக்கொண்டிருந்த முத்து பீவியின் முன்னால், ஆட்கள் கலையும்வரை நின்று, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். அவள் பெண்களுக்கான பொட்டலம் ஒன்றை எடுத்தாள்.

"அவளுக்கு வேணாம்மா. ஒடம்புல ரத்தமே இல்ல. ஆம்பளைக்கு ஏதாச்சும் இருக்கா?"

முத்து பீவி சிரிப்பாள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அவள் சிரிக்கவில்லை. முப்பது வருட வியாபாரத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் நீதான் என்றாள். பப்பாளி விதையைக் காயவைத்து இடித்துத் தினமும் தின்னச் சொன்னாள்.* நிறுத்திவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று அவள் ஊரில் பேச்சாம்.

"சத்தியம் பண்ணிக் குடுக்கமாட்டேன் தம்பி. நெஜமான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். மூணு மாசம் தின்னு. அதுவரைக்கும் தள்ளியே படு."

* வேம்பா பப்பாளியா என்று இரண்டு நாள் குழம்பினேன். பலிக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கதை எழுதுகிறவன், வைத்தியன் இல்லை.

4

அந்தக் காலத்தில் ஓர் ஆண் இப்படிச் செய்வானா? எனக்கே சந்தேகம். அவனை உத்தமனாக்கிவிட்டேனோ என்ற பயத்தில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: மனைவியிடம் அவன் மூச்சுவிடவில்லை. வெட்கம். அதனால் அரிசிப்பானைக்குப் பின்னால் பொடி டப்பாவைக் கண்ட இராஜம்மா, அது வீரியத்துக்குத் தின்கிற மருந்து என்றே நினைத்தாள். சமையல்கட்டுப் படுக்கைக்கும் அப்போது காரணம் கிடைத்தது. வெளியே எவளோ இருக்கிறாள்.

டப்பாவை அவன் முன்னால் வைத்து, "யாருக்காக இது?" என்றாள்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் சொன்னது, கிள்ளான் போனது, எல்லாம்.

இராஜம்மா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "என்னைக் கண்டாலே ஒங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். எதுக்கு இந்த உசிரு திரும்பி வந்துச்சுன்னு கெடந்தேன். ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றாள். அவள் குரலில் இருந்தது கோபமா, அல்லது... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.)

மறுநாளிலிருந்து விதையை அவளே இடித்தாள். மூன்று மாதம் முடிந்ததும் பாய் சமையல்கட்டிலிருந்து திரும்பி வந்தது.

5

ஒன்றரை வருடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு இராஜம்மாவுக்கு நாள் தள்ளிப்போயிற்று. இரண்டு மாதம்.

ஒரு முடிவில் அவள் கர்ப்பம். இன்னொன்றில் வெறும் இரத்தசோகை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதை எழுதக் கை ஓடவில்லை. இரண்டாவது தங்குதடையில்லாமல் ஓடியது. அதனாலேயே அதை நான் நம்பவில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: லீவு கேட்டுக் கிடைக்காமலே சபாபதி அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். பெண்கள் பகுதி வாசலில் நல்லம்மாள் என்ற தாதி, ஆண்கள் வெளியேதான் நிற்கவேண்டும் என்று மறித்தாள். பெஞ்சில் காத்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் இருவர் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள்.

"மருந்து தின்னது நான். டாக்டருகிட்ட நான்தான் சொல்லணும்" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இராஜம்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவன் சட்டைக்கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். தாதி விலகி வழிவிட்டாள்.

கதவு சாத்திக்கொண்டது. டாக்டர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் சரி, அவனை மட்டும் வெளியே அனுப்பிவிடாதீர்கள்.