யார் மிதித்த பிரேக்

நாத்தனாரின் கழுத்தை அன்றும் அவள்தான் பிடித்துவிட்டாள். பிசியோதெரபி அவள் தொழில். வீடு வீடாகப் போய், பக்கவாதத்தில் விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைப்பவள். இப்போது அந்த வீடுகளுக்குக் கணவன் கொண்டுபோய் விடுகிறான், அதுவும் அவன் ஆபீஸ் போகும் வழியில் இருந்தால். மற்ற நோயாளிகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். கார்ச் சாவி அவன் சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை.

"மெதுவா அழுத்து," என்றாள் நாத்தனார். "பிரேக்னு நெனச்சிட்டியா?"

பதில் சொன்னால் கோபம் விரலில் இறங்கிவிடும். அவள் அழுத்தத்தைக் குறைத்தாள்.

நடந்தது இதுதான். புறவழிச்சாலையில் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவன், பின்னால் அரைத் தூக்கத்தில் நாத்தனார். முன்னால் ஈ காக்காய் இல்லை. எதிரே ஏதாவது வந்தால் கேமராவும் சென்சாரும் பார்த்துத் தானே பிரேக் போடும் கார் அது. அன்று இல்லாத எதையோ பார்த்துப் போட்டது. பின்னால் வந்த வேன் இடித்தது; நாத்தனாரின் கழுத்து முன்னும் பின்னும் வெட்டி ஆடியது.

அவள் கால் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது. அடுத்தவருக்கு அவர்கள் கால் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவளுக்குத் தன் கால் தெரியாதா? திரையில் சிவப்பு விளக்கு மின்னியதைக் கணவனும் பார்த்தான். "என்ன இது, தானா நிக்குது?" என்று முதலில் கேட்டதே அவன்தான். வேன்காரர் இறங்கி வருவதற்குள் அந்தக் கேள்வியை அவன் விழுங்கிவிட்டான். "பதட்டத்துல மிதிச்சிட்டா," என்று அவரிடம் சொன்னான். பிறகு அக்காவிடம். பிறகு கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும்.

மாதக்கணக்கில் அலசி ஆராய்ந்து அவன் வாங்கிய கார். ரெண்டு கண் பத்தாத பெண்டாட்டிக்கு நாலு கண்ணோடு வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று ஆபீஸில் சொல்லிச் சிரித்தவன். மனைவி தப்பு செய்வது அவனுக்குப் பழகிப்போன சங்கதி. தன் தேர்வு தப்பாவது பழகவில்லை. இதை அவள் புரிந்துகொண்டாள். புரிந்தும் வலி குறையவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் இடிபட்ட பின்பக்கத்தைச் சரிசெய்துவிட்டு, பிரேக்கில் கோளாறே இல்லை என்றார்கள். அவள் மறுபடி கொண்டுபோகச் சொன்னாள். மறுபடியும் அதே பதில். கார் மட்டும் ஒவ்வொரு முறையும் பளபளவென்று திரும்பி வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசலில் நுழைந்ததும் முதல் வேலையாகக் காரைக் கழுவுகிறார்கள். கழுவிய பிறகுதான் சோதிக்கிறார்கள். அன்று சாலைவேலைச் சேறு காரின் மூக்கு முழுக்க அப்பிக் காய்ந்திருந்தது. சென்சார் இருப்பதும் அங்கேதான். கழுவாமல் பாருங்கள் என்று கேட்டதற்கு, டை கட்டிய சூப்பர்வைசர், "அழுக்கு வண்டியை உள்ள விட்டா என் வேலை போயிடும் மேடம்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வாகனப் பாதுகாப்புப் புகார் அலுவலகத்துக்கு அவளே போன் செய்தாள். எடுத்த பெண், இதே மாதிரி வேறு புகார்களும் வந்திருப்பதாகச் சொல்லி, வண்டியை உள்ளபடியே வையுங்கள், ஆய்வாளர் வீட்டுக்கே வருவார் என்றாள். யாரோ ஒருத்தி, முகம் தெரியாதவள், நீ மிதித்தாயா என்று கேட்கவே இல்லை.

சாலைவேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. கணவன் ஓட்டி ஓட்டிச் சேறு மறுபடி ஏறியது. அதைத் தொடவேண்டாம் என்று அவனிடம் சொல்லிவைத்தாள். ஆய்வாளர் வரும் காலையில் வாசலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவன் காரைக் கழுவி முடித்திருந்தான். மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வர்ற ஆளு என்ன நெனப்பாரு? ஒரு வண்டியைக்கூட சுத்தமா வெச்சுக்கத் தெரியாத குடும்பம்னு நெனக்க மாட்டாரா?"

"தெரிஞ்சேதான் கழுவினீங்க."

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல."

ஆய்வாளர் கருவியை மாட்டிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். சேறு இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம், இப்போது சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று வருத்தப்பட்டுப் போனார்.

அதன் பிறகு அவள் யாரிடமும் பேச்செடுக்கவில்லை. உள்ளுக்குள் வேறொன்று நடந்தது. நோயாளிக்கு எதிரே உட்கார்ந்து "காலை ஊன்றுங்க" என்று சொல்லும்போது, பார்வை தன் வலது காலுக்குப் போனது. ஒருவேளை மிதித்தேனோ? அத்தனை பேர் சொல்கிறார்களே. அந்தக் கால் அவளுடையதுதானா என்றே சில நேரம் சந்தேகம் வந்தது.

நாத்தனாரை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போன அன்று மழை விட்டிருந்தது. வழி நெடுக லாரிகள் சேற்றை வாரி அடித்தன. புறவழிச்சாலையில் ஏறியபோது முன்னும் பின்னும் வண்டிகள் இல்லை. வெறும் ஈரத் தார். கார் குலுங்கி நின்றது. மூவரையும் பெல்ட் இழுத்துப் பிடித்தது. சிவப்பு விளக்கு மின்னியது.

பக்கத்து சீட்டிலிருந்து அவள் குனிந்து பார்த்தாள். அவன் கால் ஆக்சிலேட்டரில் இருந்தது.

அவன் தொண்டையைச் செருமினான்.

"நாய் குறுக்க வந்துடுச்சு."

"என்ன நிறம்?" என்று கேட்டாள் அவள்.

அவன் ஒரு கணம் யோசித்தான். "கறுப்பு."

"ஆமா, கறுப்புதான். நான்கூட பார்த்தேன்," என்றாள் நாத்தனார், கழுத்தைப் பிடித்தபடி. "நல்லவேளை தம்பி, நீ ஓட்டினே. இவளா இருந்திருந்தா நம்ம கதி என்ன ஆகியிருக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை. தன் கால் தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அதைக் கொண்டாட அந்தக் காரில் இடமில்லை.

"உங்க கால் ஆக்சிலேட்டர்ல இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"நாய்னு சொல்றேன்ல."

அவன் காரை எடுத்தான். ஊர்ந்து போனான். வலது கால் ஆக்சிலேட்டரிலும் நிலைக்காமல், பிரேக்கிலும் இறங்காமல் நடுவில் தொங்கி நடுங்கியது. தன் காலை நம்ப முடியாதவர்களின் கால் அப்படித்தான் தொங்கும். அவள் தினமும் பார்ப்பது. அவர்களிடம் என்ன சொல்லவேண்டும், எங்கே தொட்டால் நடுக்கம் நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.