மறைத்த இழுப்பு

வில்பட்டியிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் கொடைக்கானலுக்குப் போய் ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகள் துவைப்பது ஜோதிமணிக்கு வேலை. புரட்டாசியில் ஒருநாள் ஈர விரிப்பை உதறும்போது, பின்மண்டையில் யாரோ ஓங்கி அடித்ததுபோல் வலி வந்தது. வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டாள். மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்ததில், மூளை ரத்தக்குழாயில் ஓரிடம் பலூன்போல் வீங்கி லேசாகக் கசிந்திருப்பது தெரிந்தது. மறுபடி வெடிப்பதற்குள் ஆபரேஷன் செய்து, வீக்கத்தின் கழுத்தில் கிளிப் போட வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பிற்பகல் மயக்க மருந்து டாக்டர் சௌம்யா வந்தார். பழனிக்காரர். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, ஜோதிமணிக்கும் அவள் கணவன் ஞானவேலுக்கும் நிதானமாகச் சொன்னார்.

"அந்த வீக்கம் ரத்தம் நெறஞ்சு விம்மிக்கிட்டு இருக்கும்க்கா. தொட்டா வெடிச்சிரும். அதனால கிளிப் போடுற நேரத்துல ஒரு மருந்து குடுப்பேன். இதயம் கொஞ்ச செகண்டு நின்னு பிரஷர் இறங்கிரும். வீக்கம் தொவண்டுரும். சர்ஜன் கிளிப்பைப் போட்டுருவார்."

"நின்ன இதயம் திரும்ப ஓடுமாங்க?" என்றான் ஞானவேல்.

"தானா ஓடும்ண்ணே. ஆனா ஆஸ்துமா, இழுப்பு உள்ளவங்களுக்கு அந்த மருந்து ஆகாது, மூச்சை அடைச்சிரும். உங்களுக்கு இழுப்பு இருக்காக்கா?"

"இல்லங்க டாக்டர்." ஜோதிமணி யோசிக்கவே இல்லை.

ஞானவேலுக்கு அவள் பயம் புரிந்தது. போன வருஷம் அவளுடைய கர்ப்பப்பை ஆபரேஷனை, இழுப்பைச் சொல்லியே இரண்டு தடவை தள்ளிப் போட்டிருந்தார்கள். டாக்டர் கிளம்பியதும் பின்னாலேயே போனான். லிப்ட் வாசலில் அவரைப் பிடித்துவிட்டான்.

"டாக்டரம்மா, அவ மறைக்கிறா. மார்கழி, தையில வாயில பம்ப் அடிக்காம அவளால தூங்க முடியாதுங்க."

சௌம்யா கோபப்படவில்லை. "நல்லவேளை சொன்னீங்க. ஆபரேஷன் நிக்காதுண்ணே. இதயத்தை நிறுத்தாமலே பிரஷரை இறக்க வேற மருந்து இருக்கு."

அவன் திரும்பி வந்து சொன்னதும் ஜோதிமணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காட்டிக் குடுத்துட்டீங்கல்ல? இனிமே எங்கூடப் பேசாதீங்க."

"நீ எந்திரிச்சு வந்து பேசாம இரு. அப்பக் கேட்டுக்கிறேன்."

மறுநாள் காலை தியேட்டரில் சௌம்யா அந்த மாற்று மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். நூற்றிருபதில் இருந்த பிரஷர் தொண்ணூறுக்கு வந்தது.

"இன்னும் கொஞ்சம் இறக்க முடியுமா?" சர்ஜன் செந்தில்வேல் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எண்பத்தஞ்சு சார். இதுக்கு மேல வேண்டாம், மூளைக்கு ரத்தம் போகணும்."

"சரி. வீக்கத்துக்கு ரத்தம் வராம மெயின் குழாய்க்குத் தற்காலிகக் கிளிப் போட்டுக்கிறேன்."

நாலு நிமிஷம் ஆனது. வீக்கத்தின் கழுத்தில் கிளிப் உட்கார்ந்தது. தற்காலிகக் கிளிப்பை எடுத்ததும் சௌம்யா பிரஷரை மெல்ல உயர்த்தினார். கசிவு இல்லை.

சாயங்காலம் ஐ.சி.யூ.வில் கண் விழித்த ஜோதிமணி, "சாப்டீங்களா?" என்றாள்.  ஞானவேல் தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்தும் சில வாரங்கள் அவளுக்கு வார்த்தைகள் மாறி விழுந்தன. தோட்டத்துக் கேரட்டை பீட்ரூட் என்றாள். சொன்னபிறகு தானே சிரித்தாள். பொங்கல் கழிந்து ஓட்டலுக்குப் போனபோது, கனமான விரிப்புகளை விட்டுவிட்டு உலர்ந்த துண்டுகளை மடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.